கையும் கருவியும்: கமராத் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. தன் குறையைக் கருவியின்மேல் ஏற்றிச் சொல்வாரை எள்ளுதற்கு இதனினும் கூரிய சொல் கிடைத்தல் அரிது. ஆயினும், ஒரு பழமொழி நெடுங்காலம் வழங்கிவந்தது என்பதனாலேயே அது எவ்விடத்தும் பொருந்தும் எனக் கொள்ளுதல் ஆகாது. கூடம் மெய்யாகவே கோணலாக இருக்குமாயின் என் செய்வது? ஆடுபவள் தன் காலையே நொந்துகொண்டிருக்க வேண்டியதுதானா? கோணற் கூடத்தைக் கட்டி விற்றவனை வினவுவார் எவரும் இல்லையா? டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். எனப்படும் கமராக்களைக் குறித்து இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே.

திருவள்ளுவர் அமைச்சனுக்குரிய மாட்சிகளை எண்ணத் தொடங்குமிடத்துக் கருவியையே முதற்கண் நிறுத்துகின்றார். காலமும் செய்யும் முறையும் அதன் பின்னரே வருகின்றன. பரிமேலழகர் அக்கருவியைத் தானையும் பொருளும் என விரிப்பர். அரசவினைக்குச் சொல்லப்பட்ட இவ்வரிசை கைவினைக்கும் ஒக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல கருவி எது எனத் தேர்வது எங்ஙனம்? கமரா வாங்கச் செல்வோர் பெரும்பாலும் மூன்று வினாக்களை வினவுவர். மெகாபிக்சல் எத்தனை? எந்தக் கம்பனியின் பெயர்? விலை என்ன? நான்காவது வினா ஒன்றுண்டு: இது என் கைக்கு இசையுமா? அவ்வினா இறுதியிற் கேட்கப்படுகின்றது. அல்லது கேட்கப்படாமலே ஒழிகின்றது. அதுவே முதலிற் கேட்கப்பட வேண்டியது என்பதும், கடையின் மேசை முன் நின்று மட்டும் அதற்கு மெய்யான விடை காணவியலாது என்பதும் நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

இக்கருத்தைச் சோதித்தற்குக் கலஹாவினும் தகுந்த இடம் வேறில்லை என்பது எம் எண்ணம். பேராதனையிற் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி, ஹிந்தகலையைக் கடந்து ஹந்தானை மலைத்தொடரின் பக்கமாக ஏறிச் செல்கின்றது. கலஹாவுக்கு அப்பால் தெல்தோட்டை. அதற்கும் அப்பால், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலையை வணிகப் பயிராக நாட்டிய லூல்கந்துரத் தோட்டம். ஏற்றமும் இறக்கமும், காலையிற் பனிமூட்டமும் மாலையில் மழையும், தேயிலைச் செடிகளிடையே ஓராள் மட்டும் செல்லத்தக்க ஒற்றையடிப் பாதையும் இந்நிலத்தின் இயல்புகள். கண்டி நகரத்துக் கடையில் ஒளிவிளக்கின் கீழே, உலர்ந்த கைகளோடு, வலிக்காத தோளோடு நின்று தெரிந்தெடுத்த கமரா, இப்பாதையில் ஒரு மைல் ஏறியதும் வேறொரு பொருளாக மாறிவிடுகின்றது.

எமக்குத் தெரிந்த மாணவன் ஒருவனின் அனுபவம் இதற்குச் சான்று. கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து வந்து உயர்தரம் வரை கற்றவன் அவன். கலியாணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படம்பிடித்துப் பொருள் ஈட்டலாம் என்னும் எண்ணத்தால், வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பாவித்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை வாங்கினான். பெரிய உடல், பெரிய வில்லை, பெரிய எண்கள். “இதைவிட நல்லது இந்த விலைக்கு இல்லை” என்று கடைக்காரர் கூறியது பொய்யும் அன்று. சில மாதங்கள் கழிந்தன. அவனுடைய பாட்டனார் கவ்வாத்து வெட்டுவதிற் பேர்பெற்ற தொழிலாளி. அவர் கடைசியாக மலைக்குச் சென்ற நாள் வந்தது. அன்று காலையிலிருந்தே தூறல். மலை செங்குத்து. ‘வீட்டுப் பணம் முழுவதும் இதற்குள் இருக்கின்றதே, நனையவிடலாமா’ என்று அஞ்சி அவன் கமராவை அலுமாரியிலேயே வைத்துவிட்டான். அந்நாளுக்கு இன்று படம் இல்லை. பின்னர் அக்கமராவை நட்டத்திற்கு விற்று, பழைய சிறிய உடல் ஒன்றை வாங்கினான். எண்களிற் குறைந்த அக்கமராவே இன்று அவனுடன் எங்கும் செல்கின்றது.

இச்செய்தியை அப்பெரியவர் முன்னிலையிற் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கூறிய சொற்கள் எம் நினைவில் நிற்கின்றன: “வாத்தியாரையா, கத்தி எவ்வளவு கூரா இருந்தாலும் பிடி கைக்கு ஒத்துவரணும். இல்லாட்டி செடிதான் சேதமாகும்.” கவ்வாத்துக் கத்தியைப் பற்றி அவர் சொன்னது வெறும் உவமையன்று, தொழில் அறிவு. சாய்வாகவும் வழுவழுப்பாகவும் வெட்டப்படாத கிளையில் நீர் தங்கி அழுகல் பிடிக்கும். கை தளர்ந்தால் வெட்டுச் சிதையும். வெட்டுச் சிதைந்தால் செடி கெடும். ஆகவே பிடியின் இசைவு தொழிலாளியின் சுகத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. வேலையின் தரத்தையே நிர்ணயிப்பது. கமராவின் பிடியைப் பற்றி விளம்பரத்தாள்கள் பேசும்போது அதனை ஒரு சுகமாகவே பேசுகின்றன. அங்கேதான் பிழை தொடங்குகின்றது.

புகைப்படக் கலையின் வரலாற்றை நோக்கின், கையாளுகையின் மாற்றமே பலமுறை கலையின் மாற்றமாகவும் விளைந்தமை புலனாகும். நம் நாட்டிலேயே தொடங்குவோம். ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். அவர் கையாண்டது பெரிய மரப்பெட்டிக் கமரா. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் ஒளியூட்டி, உடனே கழுவி எடுத்தல் வேண்டும். படத்துக்கு நிற்பவர் பல வினாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். அத்தகைய கருவியிலிருந்து பிறந்தது அசைவற்ற, ஆழ்ந்த முகங்களின் கலை. ஓடும் சிறுவனையோ கொழுந்து பறிக்கும் விரலையோ அக்கருவி கண்டிருக்க முடியாது.

ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக், ஆஸ்துமா நோயினர். பெருங்கமராக்களையும் தகடுகளையும் மலைப்பாதையிற் சுமந்து செல்ல அவருடைய மூச்சு இடங்கொடுக்கவில்லை. அவர் உருவாக்கிய சிறு கமராவே 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயரோடு வெளிவந்தது. ஒரு மனிதனின் மூச்சிரைப்பிலிருந்து உலகப் புகைப்படக்கலையின் ஒரு புதிய பிரிவே தோன்றியது எனலாம். நம் நாட்டு லயனல் வென்ட் (1900–1944) லைக்காவையும் ரோலைபிளெக்ஸையும் கையாண்டவர். பியானோ வாசிப்பிலும் வல்லவரான அவர், இவ்விரு கருவிகளும் இருவேறு நிலைகளைக் கோருவன என்பதை அறியாதிருந்திருக்க முடியாது. லைக்காவைக் கண்ணோடு அணைத்து எதிரில் நிற்பவரை நேர்நோக்க வேண்டும். ரோலைபிளெக்ஸை வயிற்றருகே ஏந்தித் தலைகுனிந்து பார்க்க வேண்டும். படம்பிடிக்கப்படுபவருக்கு முதலாவது ஒரு பார்வை. இரண்டாவது ஏறக்குறைய ஒரு வணக்கம். இவ்வேறுபாடு தொழினுட்ப அட்டவணை எதிலும் இடம்பெறுவதில்லை.

எஸ்.எல்.ஆர். வகைக்கு வருவோம். ஒலிம்பஸ் நிறுவனத்தின் மைத்தானி, எஸ்.எல்.ஆர். என்றாற் பருமனும் பாரமும் இயல்பே என்ற எண்ணத்தை மறுத்து, 1972இல் ஏறக்குறைய 510 கிராம் எடையுள்ள கமராவை ஆக்கினார், அதுவே ஓ.எம்.-1 என வழங்கலாயிற்று. நிக்கோன் எப்3 (1980) கமராவின் தோற்றத்தை மோட்டார் வண்டிகளின் வடிவமைப்பாளராகப் பெயர்பெற்ற ஜியுஜாரோ அமைத்தார். 1986இல் வந்த கெனன் டி90 கமராவின் ஆக்கத்தில் லூயிஜி கொலானியின் பங்கு உண்டு. கோணங்கள் நீங்கி, வளைந்து, வலக்கையின் உட்புறத்தை நிறைக்கும் அவ்வடிவமும், சுட்டுவிரலாற் சுழற்றும் சக்கரமும் 1987இன் இ.ஓ.எஸ். வரிசைக்குச் சென்று, பின்னர் டிஜிட்டல் கமராக்களுக்கும் உரிய பொது இலக்கணம் ஆயின. இன்று நாம் கையிற் கொள்ளும் டி.எஸ்.எல்.ஆரின் உடல், பிலிம் காலத்திற் கை கற்ற பாடங்களின் தொகுப்பே.

டிஜிட்டற் காலத்தின் தொடக்கம் இப்பாடங்களை மறந்ததாகத் தோன்றிற்று. 1991இல் வந்த கொடாக் டி.சி.எஸ்., நிக்கோன் எப்3 உடலின்மீது அமைக்கப்பட்டது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளிற் சுமக்க வேண்டியிருந்தது. 1999இன் நிக்கோன் டி1 அச்சுமையை ஓருடலுக்குள் அடக்கியது. 2003இற் கெனன் 300டி, ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையில் வெளிவந்து இவ்வகைக் கமராவைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் போட்டி எண்களின்பால் திரும்பியது: ஆறு, எட்டு, பத்து, பதினெட்டு, இருபத்து நான்கு மெகாபிக்சல் எனப் பெருகிற்று. இந்த ஓட்டத்தினிடையே, 2006இன் இறுதியில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. போட்டியாளர் பத்து மெகாபிக்சல் விற்றுக்கொண்டிருந்தபோது, நிக்கோன் நிறுவனம் ஆறு மட்டுமே உடைய டி40 என்னும் கமராவை வெளியிட்டது. ஏறக்குறைய 475 கிராம் எடை, சிறிய ஆயினும் ஆழமான பிடி, எளிய ஒழுங்கு. எண்ணிற் பிந்திய அக்கமரா மக்களால் விரும்பப்பட்டது. வாங்குவோர் அட்டவணையை மட்டும் கண்டு வாங்குவர் என்ற கூற்றுக்கு அஃது ஒரு மறுப்பாயிற்று. ஆயினும் அதன் இலேசுக்கும் ஒரு விலை இருந்தது. உடலினுள் குவிய மோட்டார் வைக்கப்படாமையால், பழைய வில்லைகள் பல அதிற் பொருத்தியபோது தாமாகக் குவியும் ஆற்றலை இழந்தன. கைக்கு எளிதானது பைக்கு அரிதாயிற்று.

இனி, கையாளுகை என நாம் பொதுப்படக் கூறும் ஒன்று எவ்வெவ் உறுப்புக்களால் ஆயது எனப் பகுத்துக் காண்போம். முதலாவது பிடி. உள்ளங்கையும் நடுவிரலும் மோதிர விரலும் உடலைத் தாங்க, சுட்டுவிரலும் பெருவிரலும் வேலைக்கு விடுதலை பெற்றிருத்தல் நற்பிடியின் இலக்கணம். சிறுவிரலுக்கு இடமில்லாத உடல் கீழ்நோக்கிச் சரியும். பெரிய வில்லை பூட்டப்படின் அச்சரிவு மிகும். பருத்த கைக்கு ஏற்ற பிடி மெல்லிய கையுடைய பெண்ணுக்கும் மாணவனுக்கும் ஷட்டர்ப் பொத்தானை எட்டாத்தொலைவில் வைத்துவிடும். இடக்கைப் பழக்கமுடையோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1936இல் வந்த கினே எக்ஸாக்டா இடக்கை விரலால் இயக்கப்பட்டது. பின்வந்த உலகம் முழுவதும் வலக்கைக்கே தன்னை எழுதிக்கொடுத்துவிட்டது.

இரண்டாவது கண். எஸ்.எல்.ஆரின் சிறப்பே, வில்லையூடு வரும் ஒளியை ஆடியும் அரியமும் கொண்டு கண்ணுக்கு நேரே காட்டுவதாகும். ஆனால் மலிவான உடல்களிற் கண்ணாடி அரியத்துக்குப் பதிலாக ஆடிகள் பொருத்தப்படுதலின் காட்சி சிறுத்தும் மங்கியும் தோன்றும். படத்தின் எல்லையில் 95 விழுக்காட்டளவே தெரியும். எஞ்சிய விளிம்பில் வந்து நிற்கும் தூணையோ பிறர் தலையையோ படம் வெளிவந்த பின்னரே காண்கின்றோம். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு இன்னொரு தடையும் உண்டு. கண் சற்று விலகி நிற்கையிற் காட்சியின் நான்கு மூலைகளும் மறைகின்றன. நிக்கோன் நிறுவனம் 1982இலேயே எப்3 கமராவுக்கு, கண்ணைச் சுமார் 25 மில்லிமீற்றர் தள்ளி வைத்தும் முழுக்காட்சியைக் காணத்தக்க பார்வை முகப்பொன்றை வழங்கியது. தீர்வு அறியப்படாததன்று என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது விரல். ஒளியளவைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகத்துக்கு ஒன்றும், வில்லையின் துவாரத்துக்கு ஒன்றுமாக இரு சக்கரங்கள் உள்ள உடலில், கண்ணை எடுக்காமலே இரண்டையும் மாற்றலாம். தொடக்கநிலை உடல்களிற் சக்கரம் ஒன்றே; துவாரத்தை மாற்ற ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு அதே சக்கரத்தைச் சுழற்றல் வேண்டும். கடையில் இது சிறு குறையாகத் தோன்றும். கலியாண மணவறையில் அது சிறு குறையன்று. விளக்கொளியும் மின்னொளியும் கலந்த அவ்விடத்திற் கெட்டிமேளம் கேட்டபின் மெனுவைத் திறந்து பார்ப்பவனுக்காகத் தாலி காத்திராது.

நான்காவது எடை. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையின் கயிற்றைத் தலையிற் கொண்டு, பாரத்தை முதுகிற் சாய்த்து ஏறுகின்றனர். பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே தாங்கப்படுகின்றது என்பதும் வினா. 810 கிராம் உடலும் ஏறக்குறைய அதேயளவு எடையுள்ள வில்லையும் கழுத்திலே தொங்கி, குனியும்போதெல்லாம் முன்னே ஊசலாடுமாயின், மூன்றாவது வளைவிலேயே பைக்குள் சென்றுவிடும். பைக்குள் சென்ற கமரா பார்வையற்ற கமரா. தோளின் குறுக்கே பட்டையை அணிந்து உடலோடு அணைத்துச் செல்லுதல் நம் மலைப்பாதைக்கு ஏற்றது. எனினும் அட்டவணையிற் கிராம் மட்டும் இருக்கும். தொங்கும் இடம் இராது.

ஐந்தாவது காலநிலை. நீர் புகாத அடைப்புள்ள உடல் மழையிலே துணிவைத் தரும். அடைப்பற்ற உடல், மேலே கூறிய மாணவனுக்கு நேர்ந்தது போல, அச்சத்தைத் தரும். அச்சமும் ஓர் எடையே. தராசிற் காட்டாத எடை. அன்றியும், ஈரலிப்பான மலைநாட்டில் வில்லைகளினுள்ளே பங்கசு படர்தலும், பழைய உடல்களின் இறப்பர்ப் பிடி உப்பிக் கழன்றுபோதலும் பாவித்த கமரா வாங்குவோர் நன்கறிந்த தொல்லைகள். நேற்று இசைந்த பிடி இன்று வழுவும்.

இவ்வைந்தையும் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை துலங்குகின்றது. படத்தின் தரம் என்னும் பொருளில், மலிவான உடலுக்கும் விலையுயர்ந்த உடலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆண்டுதோறும் குறைந்தே வந்தது. பலபோது இரண்டினுள்ளும் ஒரேவகை உணரியே இருந்தது. விற்கப்பட்ட வேறுபாடு பெரும்பாலும் கையாளுகையிலேயே இருந்தது. இரண்டாவது சக்கரம், நல்ல அரியம், மழைக்கு அடைப்பு ஆகியவை ஏணிப்படிகள் போல விலைக்கு ஏற்ப வைக்கப்பட்டன. வறியவன் பெற்றது தாழ்ந்த படம் அன்று. தாழ்ந்த பிடியும் சிறுத்த காட்சியுமே. இன்னும் கற்காதவன் கையில் கற்றற்கு அரிய கருவியைக் கொடுத்துவிட்டு, ‘ஆடத் தெரியாதவன்’ என்று அவனையே எள்ளுவது எவ்வகை நீதி?

இது தவிர்க்கவியலாத தொழினுட்பக் கட்டாயம் எனச் சிலர் கூறுவர். அதற்குப் பென்டக்ஸ் நிறுவனம் விடை தந்தது. 2012இல் கே-30, 2013இல் கே-50 ஆகிய கமராக்களில், நடுத்தர விலையிலேயே இரு சக்கரங்களும், மெய்யான அரியமும், 100 விழுக்காட்டுக் காட்சியும், மழைக்கு அடைப்பும் ஒருங்கே இடம்பெற்றன. கலஹாவின் மலைக்கென்றே செய்யப்பட்டன போன்றிருந்தன அவை. ஆயினும் நம்மவர் கைகளிற் பெரும்பாலும் காணப்படுபவை கெனனும் நிக்கோனுமே. ஏன்? நண்பனிடம் இரவல் வாங்கக்கூடிய வில்லை அவற்றுக்கே உண்டு. திருத்துவோன் அறிந்தவை அவையே. மீண்டும் விற்கும்போது விலை போவனவும் அவையே. கை ஒன்றைச் சொல்ல, ஊர் வேறொன்றைச் சொல்லிற்று. இவ்விடத்தில் நம் கருத்துக்கு ஓர் எல்லை இடுதல் கடனாகின்றது: கையின் இசைவு தெரிவைப் பாதிக்கின்றது, ஆயினும் தனித்து நின்று வெல்லுவதில்லை. வில்லைகளும் பழுதுபார்ப்பும் துணைவரும் கூடிய ஒரு குடும்பத்தினுள்ளேதான் அது தன் வாக்கை அளிக்கின்றது.

இன்னொரு தடையையும் ஆராய்தல் வேண்டும். கைக்கு இசைவு என்பது பழக்கமே அன்றி வேறன்று என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. கெனன் வில்லையை முன்னின்று பார்க்க வலஞ்சுழியாகத் திருகிப் பூட்டுவோம். நிக்கோன் வில்லையை இடஞ்சுழியாக. ஒன்றிற் பயின்றவன் மற்றொன்றை எடுத்தவுடன் ‘இது கோணல்’ என்கின்றான். கடையில் ஐந்து நிமிடம் ஏந்திப் பார்த்தலின் குறையும் இதுவே. அவ்வைந்து நிமிடத்திற் கை தன் பழைய பழக்கத்தையே மீண்டும் தேடுகின்றது. அல்லது புதிய இறப்பரின் மென்மையில் மயங்குகின்றது. மெகாபிக்சலுக்கு ஏமாந்தவன் போலவே மென்மைக்கு ஏமாந்தவனும் உண்டு. ஆனால் பழக்கத்தால் நீங்கும் குறையும் நீங்காத குறையும் வெவ்வேறு. திருகும் திசை ஒரு வாரத்திற் பழகும். எட்டாத பொத்தானுக்கு விரல் வளர்வதில்லை. காட்சியின் மறைந்த மூலை பழக்கத்தால் தோன்றுவதில்லை. அடைப்பற்ற உடலுக்கு மழை இரங்குவதுமில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே கமராத் திறனாய்வின் முதற்பாடம் என்க.

கமரோன் அம்மையாரின் பெட்டியைக் காட்டி, கலைஞனுக்குக் கருவி ஒரு பொருட்டன்று என வாதிடுவோர்க்கும் விடை இதனுள்ளேயே அடங்கும். அவர் அக்கருவியை வென்றார் என்பதினும், அதற்கு இசைந்த கலையைத் தெரிந்துகொண்டார் என்பதே பொருந்தும். அசையாத முகத்துக்கு அசையாத பெட்டி போதும். நம் மாணவன் வேண்டியதோ தூறலில் அசையும் கவ்வாத்துக் கத்தி. கருவிக்கேற்பக் கலையை மாற்றிக்கொள்ளும் உரிமை கலைஞனுக்கு உண்டு. பாட்டனாரின் கடைசி நாளைக் கருவிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை.

இன்று டி.எஸ்.எல்.ஆரின் காலம் மாலையை எய்திவிட்டது. 2020ஆம் ஆண்டின் பின் கெனனும் நிக்கோனும் அவ்வகையிற் புதிய உடலை வெளியிட்டில. ஆடியற்ற கமராக்களே அவற்றின் இடத்தைக் கொண்டன. ஆயினும் கையின் தீர்ப்பு அங்கும் ஒழியவில்லை. 2013இல் வந்த சோனி ஏ7 கமராவின் பிடி மெலிந்திருந்தது. அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் வடிவத்திற் பிடி பருத்தது, ஷட்டர்ப் பொத்தானும் விரல் இயல்பாகத் தங்கும் முன்புறத்துக்கு வந்தது. கெனன் இ.ஓ.எஸ். ஆர் (2018) கமராவிற் சக்கரத்துக்குப் பதிலாக விரலால் தடவும் பட்டையொன்றை வைத்தனர். பயன்படுத்துவோர் அதனை விரும்பவில்லை. 2020இல் வந்த ஆர்5, ஆர்6 ஆகியவற்றில் அப்பட்டை காணப்படவில்லை. வாங்குவோர் மறுத்தால் ஆக்குவோர் திருத்துவர் என்பதற்கு இவை சான்று. கூடத்தின் கோணலைச் சொல்லுவார் இருந்தாற் கூடம் நிமிரும்.

நம் நாட்டு மாணவர்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2022இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியின்போது, ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை 350 ரூபாவையும் கடந்தது. புதிய கமரா பலர்க்கும் எட்டாக் கனியாயிற்று. உலகம் கைவிட்ட டி.எஸ்.எல்.ஆர்., பாவித்த பொருளாக நம்மவர் கைக்கு வருகின்றது. தோட்டத்து வீடொன்றிலிருந்து ஒருமுறை வெளிச்செல்லும் பணம் மீண்டு வருதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே தெரிவு தவறின் இழப்பது பணம் மட்டுமன்று. ஒரு தொழில், சில வேளை ஒரு நாள்.

எனவே வாங்க விழைவோர்க்கு நாம் கூறுவது இதுவே. கடைக்குச் செல்லுமுன் நண்பரிடமிருந்து ஒரு நாளேனும் இரவல் வாங்கி, நீங்கள் படம்பிடிக்கக் கருதிய இடத்துக்கே அதனைக் கொண்டு செல்லுங்கள். மலையேறுங்கள், கையை நனைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுங்கள், மூக்குக்கண்ணாடியோடு நான்கு மூலைகளையும் தேடுங்கள், கண்ணை எடுக்காமல் ஒளியளவை மாற்றிப் பாருங்கள். பாவித்த வில்லையாயின் டோர்ச் வெளிச்சம் பாய்ச்சி உள்ளே பங்கசு உண்டோ எனக் காணுங்கள். மாலையில் வீடு திரும்பியபின் ஒன்றை மட்டும் உங்களையே கேளுங்கள்: நாளையும் இதனைத் தூக்கிச் செல்வேனா? அவ்வினாவுக்கு ‘ஆம்’ என விடை தரும் கமரா, எண்களிற் குறைந்ததாயினும், உங்களுக்கு உரிய கமரா.

அம்மாணவன் அண்மையில் எமக்கு ஒரு படம் காட்டினான். பழைய சிறு கமராவில் எடுத்தது. லயத்து வாசலில், துருப்பிடிக்கத் தொடங்கிய கவ்வாத்துக் கத்தியொன்று பாட்டனாரின் மடியிற் கிடக்கின்றது; கைப்பிடி மட்டும் பல்லாண்டு தேய்ந்து பளபளக்கின்றது. நல்ல படம்தான். ஆனால் அது மலையில் எடுத்த படமன்று.